முப்பத்திரண்டு கைகள்

ஜன்னலோரம் நீங்களே இருங்கள் அண்ணாச்சி. மடியில் சாப்பாட்டுக் கேரியர் வைத்திருக்கிறீர்கள். இந்தப் பக்கம் உட்கார்ந்தால் பஸ்ஸில் நிற்கிறவர்கள் இடித்துக் குழம்பு கொட்டிவிடும். எனக்கு இந்தப் பை ஒன்றுதான். ஆறு ஆப்பிள், ஒரு சத்துமாவு டப்பா, ஒரு ஃபைல்.

பனவடலிச்சத்திரத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும். என் மாணவி ஒருத்தியைப் பார்க்கப் போகிறேன். அவளுக்கு உடம்பு சரியில்லை என்று என் வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன். அது பொய். உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறதாம். வலது கண் போய்விட்டது.

கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன், இருபத்தேழு வருஷமாக. கல்லூரி பெயர் வேண்டாமே. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது அங்கே படிக்கலாம். நான் மோசமான வாத்தியார் இல்லை அண்ணாச்சி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாள்கூட வகுப்புக்குப் பிந்திப் போனதில்லை. குறிப்பு இல்லாமல் போனதில்லை. ஒரு பாடம் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்பேன். "புரிஞ்சுது சார்" என்று மொத்த வகுப்பும் சொல்லும். அந்தச் சத்தம் கேட்டால்தான் என் கை அடுத்த பக்கத்தைத் திருப்பும். இருபத்தைந்து வருஷம் அந்தச் சத்தத்தை நம்பியே ஓடியது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கல்லூரி ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தச் சொல்லிக்கொடுக்கிற பயிற்சி, பன்னிரண்டு நாள். சிரிக்காதீர்கள். நாங்களும் அப்படித்தான் சிரித்துக்கொண்டு போனோம். ஐம்பது வயசுக்காரர்கள் நாற்பது பேர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். சொல்லிக்கொடுக்க வந்தவர் டாக்டர் ரெஜினா, முப்பத்தைந்து வயது இருக்கும். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "சார், இருபது நிமிஷம் உங்க பாடத்துல ஏதாவது நடத்துங்க. இவங்கதான் உங்க பிள்ளைங்க" என்றார்.

நடத்தினேன். நன்றாகவே நடத்தினேன். முடித்துவிட்டு, பழக்கதோஷம், "புரிஞ்சுதா?" என்றேன். அத்தனை பேராசிரியர்களும் "புரிஞ்சுது சார்" என்றார்கள். அந்த அம்மா ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டுக் கொடுத்தார். நான் நடத்தியதிலிருந்து ஒரே ஒரு கேள்வி. சரியாக எழுதியவர்கள் ஆறு பேர். அதில் நான்கு பேர் வேதியியல்காரர்கள்.

அந்த அம்மா முன்வரிசையில் இருந்த தமிழ்ப் பேராசிரியரிடம் கேட்டார். "ஐயா, நீங்க வெறும் தாளைக் குடுத்திருக்கீங்க. பிறகு ஏன் புரிஞ்சுதுன்னு சொன்னீங்க?"

"அவரு தொண்டைத் தண்ணி வத்த நடத்துதாரு. புரியலைன்னு சொன்னா மனுசன் வருத்தப்பட மாட்டாரா?" என்றார் அவர்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மதியம் சாப்பாடு போட்டார்கள் அண்ணாச்சி. இலைக்கு முன்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வருஷத்துக்கு நூற்றைம்பது பிள்ளைகள். இருபத்தைந்து வருஷம். அத்தனை பேரும் என்மேல் இரக்கப்பட்டுத்தான் புரிந்தது என்றார்களா? எங்கள் ஆட்களில் பலபேர் பயிற்சி முடிந்ததும் சான்றிதழை மடித்து வைத்துவிட்டுப் பழையபடி நடத்தப் போய்விட்டார்கள். நான் அப்படி இல்லை. எனக்கு அது முள்ளாகக் குத்தியது. மாற வேண்டும் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

அந்த அம்மா சொல்லிக்கொடுத்த வழி எளிமையானது. பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் இரண்டு அட்டை இருக்கும். பச்சை, சிவப்பு. புரிந்தால் பச்சை, புரியாவிட்டால் சிவப்பு. வாத்தியார் ஒரு பார்வை பார்த்தால் போதும். சிவப்பு அதிகமாக இருந்தால் மறுபடி நடத்த வேண்டும். அவ்வளவுதான்.

நான் என்ன செய்தேன் என்றால், அட்டை எதற்கு, கை இருக்கிறதே என்று நினைத்தேன். அட்டையைப் பிள்ளைகள் தொலைத்துவிடும், கிழித்துவிடும், வீட்டில் வைத்துவிட்டேன் என்று சொல்லும். கையை வீட்டில் வைத்துவிட்டு வர முடியாதே. புரிந்தவர்கள் வலது கை, புரியாதவர்கள் இடது கை.

இப்போது யோசித்தால், நான் எந்த ஊரில் பிறந்து வளர்ந்தேன் என்றே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. கடையில் இடது கையால் சில்லறை நீட்டினால் கடைக்காரர் முகம் மாறும். திருநீற்றை இடது கையால் வாங்கினால் அம்மா மண்டையில் குட்டுவாள். அந்தக் கையை வாத்தியாருக்கு முன்னால் தூக்கிக்கொண்டு உட்கார் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். அட்டையாகவே இருந்திருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை. ஆனால் சிவப்பு அட்டையைத் தூக்கவும் வெட்கம்தான் பட்டிருப்பார்களோ என்னவோ.

"வெக்கப்படாம தூக்குங்க. இது உங்களுக்காக" என்றேன். முதல் நாள் முப்பத்திரண்டு பேரில் இருபத்தோரு இடது கை. மறுபடி நடத்தினேன். இப்போது பதினைந்து. மறுபடியும் நடத்தினேன், தமிழிலும் சொல்லி நடத்தினேன். ஒன்பது. அந்த ஒரு வாரம் அண்ணாச்சி, என் வாழ்க்கையில் அப்படி நடத்தியதே இல்லை. வேர்த்து ஊற்றும். வெளியே வரும்போது நடை தள்ளாடும். ஆனால் சந்தோஷமாக இருந்தது.

பிறகு போர்ஷன் பின்தங்கிவிட்டது. எங்கள் துறைத்தலைவர் வேதமாணிக்கம் வராந்தாவில் நின்று பார்த்துவிட்டு, "என்ன வேய், பாடம் நடத்துதீரா, டிரில் எடுக்குதீரா? அக்டோபருக்குள்ள மூணு யூனிட் முடியணும், தெரியும்லா?" என்றார். ஸ்டாஃப் ரூமில் என்னைப் பார்த்தாலே ஒருத்தர் இடது கையைத் தூக்குவார், இன்னொருத்தர் "டீ வேணும்னா வலது, காபின்னா இடதா சார்?" என்பார்.

கொஞ்சம் இருங்கள் அண்ணாச்சி, முடித்துவிடுகிறேன். முக்கியமான இடம் இது.

போர்ஷன் முடிய வேண்டும். அதனால் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். இடது கை தூக்குகிறவர்களை எழுப்பி, எந்த இடம் புரியவில்லை என்று கேட்க ஆரம்பித்தேன். அந்த இடத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தால் நேரம் மிச்சம் அல்லவா? சரியான முறைதானே? ஒரு மாதத்தில் இடது கைகள் குறைந்துவிட்டன. ஒன்பது ஐந்தானது. ஐந்து இரண்டானது. பார்க்கவே அழகாக இருந்தது. நான் ரெஜினா அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன், முறை வேலை செய்கிறது என்று. "மகிழ்ச்சி சார், இடையிடையே சீட்டு கொடுத்தும் சோதித்துப் பாருங்கள்" என்று பதில் எழுதினார். சீட்டு கொடுக்க எங்கே நேரம்?

கடைசியில் ஒரே ஒரு கை மிஞ்சியது. பின்வரிசையில், ஜன்னலோரம். சிவரஞ்சனி.

பனவடலிக்குப் பக்கத்துக் கிராமம். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். அப்பா கல்குவாரியில் லாரி ஓட்டுகிறார். நல்ல பிள்ளை என்றோ கெட்ட பிள்ளை என்றோ என்னால் சொல்ல முடியாது, அவளோடு நான் அதிகம் பேசியதில்லை. தினமும் அந்த இடது கை மட்டும் எழும்பும். ஒரு நாள் எழுப்பினேன்.

"எதும்மா புரியலை?"

"அது தெரிஞ்சா புரிஞ்சிருக்குமே சார்."

வகுப்பு சிரித்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. திமிராகவும் சொல்லவில்லை, சத்தியமாக. எனக்குத்தான் காது சூடாகிவிட்டது. ஆனால் திட்டவில்லை அண்ணாச்சி. நான் பிள்ளைகளைத் திட்டுகிறவன் இல்லை. "நின்னுக்கிட்டே கேளும்மா, அப்பத்தான் கவனம் இருக்கும்" என்றேன். அவள் நலனுக்காகத்தான். அன்றைக்கு மணி அடிக்கும்வரை நின்றாள். மறுநாளும் கை தூக்கினாள். மறுநாளும் நின்றாள். பையன்கள் அவளுக்கு 'லெஃப்ட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "ஏ லெஃப்ட்டு, ரெக்கார்டு நோட்டு குடு" என்று என் காதுபடவே கேட்டார்கள். பையன்கள் என்றால் அப்படித்தான்.

நவம்பரில் ஒருநாள் வராந்தாவில் எதிரே வந்தாள். நிறுத்திக் கேட்டேன். "எல்லாருக்கும் புரியுது. உனக்கு மட்டும் ஏம்மா புரிய மாட்டேங்குது?"

"அவங்களுக்கும் புரியலை சார்" என்றாள்.

"பிறகு வலது கை தூக்குதாங்களே?"

"நிக்கணும்லா சார்."

"உனக்கு மட்டும் நிக்கிறது கஷ்டமா இல்லையா?"

"நீங்கதான சார் வெக்கப்படாம தூக்கச் சொன்னீங்க" என்றாள்.

எனக்கு அது நக்கலாகப் பட்டது. சரி, போ என்றேன்.

டிசம்பரில் தரக்குழு வந்தது. கல்லூரிக்கு மதிப்பெண் போட டெல்லியிலிருந்து வருகிறவர்கள். அவர்கள் வருமுன் மூன்று மாதம் சுண்ணாம்பு வாடைதான் எங்கே போனாலும். ஆய்வகத்தில் கேமரா வைத்தார்கள். கண்ணுக்கு மாட்டுகிற பாதுகாப்புக் கண்ணாடி நாற்பது வாங்கினார்கள். குழு என் வகுப்புக்கும் வரும் என்று தெரிந்ததும் பிரின்ஸ்பால் கூப்பிட்டு, "உங்க கை தூக்குற முறை ரொம்பப் பிரமாதம், அதைக் காட்டணும்" என்றார். நான் வகுப்பில் சொன்னேன்: "நான் கேள்வி கேட்டா எல்லாரும் தூக்கணும். தெரிஞ்சவங்க வலது, தெரியாதவங்க இடது. வலது தூக்கினவங்களைத்தான் எழுப்புவேன். இடதுக்காரங்க பயப்பட வேண்டாம்." குழு வந்த அன்று முப்பத்திரண்டு கையும் ஒன்றாக எழும்பின. குழுத் தலைவர் என் தோளில் தட்டினார். அந்தப் போட்டோ கல்லூரி மலரில் முதல் பக்கத்தில் வந்தது. பொங்கலுக்கு முந்தின வாரம் எனக்குச் சிறந்த ஆசிரியர் என்று பொன்னாடை போட்டார்கள்.

குழு போனதும் கண்ணாடியெல்லாம் பீரோவுக்குள் போய்விட்டது. சாவி வேதமாணிக்கத்திடம். உடைந்தால் யார் பதில் சொல்வது?

ஜன்னலில் என்ன பார்க்கிறீர்கள்? மானூர் இப்போதுதானே தாண்டியது. இல்லையா? ஒரு நிமிஷம் அண்ணாச்சி, கையை இறக்குங்கள், இதைச் சொல்லி முடித்துவிடுகிறேன். இவ்வளவு தூரம் கேட்டீர்கள். கண்டக்டர் சத்தம் போட்டுக்கொண்டேதான் இருப்பார், அவருக்கு வேறு வேலை என்ன.

பிப்ரவரி, வியாழக்கிழமை, மதியம் இரண்டு மணி. செய்முறை வகுப்பு. சோதனைக் குழாயில் உப்புக் கரைசல் இருக்கும். அதில் அடர் கந்தக அமிலத்தைச் சுவர் வழியாக மெதுவாக விட வேண்டும். இரண்டும் சேருகிற இடத்தில் பழுப்பு வளையம் ஒன்று தெரியும். அழகாக இருக்கும். வளையம் வராதவர்கள் அமிலம் அதிகமாக ஊற்றிவிடுவார்கள். முடிந்ததும் அந்தக் குழாயைக் கழுவ வேண்டும். அதில்தான் ஆபத்து. குழாய்க்குள் நேராகத் தண்ணீர் விடக் கூடாது. வாளித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்ட வேண்டும். அமிலத்தின்மேல் தண்ணீர் விழுந்தால் கொதித்துத் தெறிக்கும்.

இதையெல்லாம் சொன்னேன். ஆங்கிலத்தில் சொன்னேன். கேமரா வந்த பிறகு ஆய்வகத்தில் ஆங்கிலம்தான் பேச வேண்டும் என்று சுற்றறிக்கை. கேமராவுக்குக் காது கிடையாது என்பது எனக்கு அப்போது தெரியாது. சொல்லிவிட்டுக் கேட்டேன், புரிந்ததா என்று. கைகள் எழும்பின. மூன்று மணிக்குத் துறையில் ஒரு கூட்டம், அதற்கு அறிக்கை தயார் செய்ய வேண்டும். உதவியாளர் சுடலைமுத்துவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனேன். இருபது நிமிஷம்.

சத்தம் கேட்டு ஓடினேன். பின்பக்கம், ஜன்னலோரத் தொட்டி. தண்ணீர்க் குழாயைத் திறந்து சோதனைக் குழாயை நேராக அடியில் பிடித்திருக்கிறாள் சிவரஞ்சனி. அவ்வளவுதான். சுடலைமுத்து அவள் தலையைத் தொட்டிக்குள் அமுக்கித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவர் மட்டும் அதைச் செய்திருக்காவிட்டால் இரண்டு கண்ணும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

விசாரணை வைத்தார்கள். மூன்று பேர். நிர்வாகத்தின் வக்கீல், இன்னொரு கல்லூரிப் பேராசிரியர், எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர். கேமராப் படத்தை லேப்டாப்பில் போட்டுப் பார்த்தார்கள். நான் பேசுவது தெரிகிறது. பிறகு எல்லாக் கையும் எழும்புவது தெரிகிறது. வக்கீல் படத்தை நிறுத்தி எண்ணினார். "முப்பத்திரண்டு பேர். முப்பத்திரண்டு கை. எல்லாரும் புரிஞ்சுதுன்னு கை தூக்கியிருக்காங்களே. ஆசிரியர் மேல என்ன தப்பு?" என்றார். கூடவே கல்லூரி மலரில் வந்த போட்டோவையும் ஃபைலில் சேர்த்தார்கள், இது என் வழக்கமான முறை என்று காட்ட.

அவர்களுக்கு இடது வலது கணக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. முப்பத்திரண்டு கையில் எது இடது எது வலது என்று அவ்வளவு தூரத்தில் யாருக்குத் தெரியும் அண்ணாச்சி? கூட்டத்துக்குப் போகிற அவசரத்தில் யார் பார்ப்பார்கள்? நான் என்ன கழுகா? மற்ற முப்பத்தொரு பிள்ளைகளும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், சார் தெளிவாக விளக்கினார் என்று. நான் கேட்கவில்லை. வேதமாணிக்கம்தான் போய்க் கேட்டார். "சொன்னது எல்லாருக்கும் புரிஞ்சுதுல்லா?" என்றாராம். புரிஞ்சுது சார் என்றார்களாம்.

இனி அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. இந்த ஃபைலில் இருக்கிறது. பிரின்ஸ்பால் தட்டச்சு செய்து கொடுத்தது. வாசிக்கிறேன். 'ஆய்வக விதிமுறைகள் எனக்குத் தெளிவாக விளக்கப்பட்டன. புரிந்துகொண்டதைக் கை உயர்த்தித் தெரிவித்தேன். நடந்தது என் கவனக்குறைவே.' கீழே அவள் பெயர். சாட்சிக்கு அப்பா பெயர். அவள் போட்டுவிட்டால் விசாரணை முடிந்தது. மேல் வைத்தியத்துக்குக் கல்லூரி பொறுப்பில்லை என்று ஆகிவிடும், அதுவும் உண்மைதான். போடாவிட்டால் எனக்குக் குற்றக் குறிப்பாணை வரும். ஓய்வுக்கு நான்கு வருஷம் இருக்கிறது.

நான் இதற்காக மட்டும் போகவில்லை. பார்க்க வேண்டும் என்றுதான் போகிறேன். ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போனேன், தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "சார், அவ ப்ராக்டிகல் பரீட்சை எழுத முடியுமா?" என்று கேட்டார். வேறு எதுவுமே கேட்கவில்லை. போன வாரம் போன் செய்தேன். "நீங்க வாங்க சார், எங்க போடச் சொல்லுதீங்களோ அங்க போடுவா. அவளும் சரின்னுட்டா" என்றார்.

சரியென்றுவிட்டாள். அதுதான் எனக்கு விளங்கவில்லை. ஏன் சரி என்றாள்? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? நாலு மாதம் தினமும் நின்றுகொண்டே இடது கையைத் தூக்கிய பெண், இப்போது மட்டும் ஏன்...

என்ன கண்டக்டர்? இவரா? இவருக்கு எந்த ஊர் டிக்கெட்?

தேவர்குளமா?

அது போய்விட்டதே அண்ணாச்சி. இது வன்னிக்கோனேந்தல். தேவர்குளம் தாண்டிக் கால் மணி நேரம் ஆகியிருக்குமே. யாருக்குச் சாப்பாடு? மகளுக்கா? பிரசவத்துக்குச் சேர்த்திருக்கிறதா? ஆஸ்பத்திரியில் காத்துக்கொண்டிருப்பாளே. சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு வார்த்தை, இறங்கணும் என்று ஒரு வார்த்தை.

இருங்கள், வழி விடுகிறேன். கேரியரை என்னிடம் கொடுங்கள், இறங்கினதும் ஜன்னல் வழியாகத் தருகிறேன். எதிர்ப்பக்கம் நின்றால் திருநெல்வேலி பஸ் வரும்.

என்ன சொன்னீர்கள்? நான் பேசிக்கொண்டிருந்தேன், எப்படிக் குறுக்கே பேச என்று இருந்துவிட்டீர்களா? இல்லை. அப்படிச் சொல்லாதீர்கள். எனக்காக அப்படிச் சொல்லாதீர்கள். நீங்கள் கை தூக்கினீர்கள். இரண்டு தடவை தூக்கினீர்கள். இரண்டாம் தடவை நான்தான் பிடித்து இறக்கிவிட்டேன். எனக்குத் தெரியும். பார்த்தேன்.

பிடித்துக்கொண்டீர்களா கேரியரை? சூடு இன்னும் இருக்கிறது.

அண்ணாச்சி, ஒன்று சொல்லிவிடுகிறேன், பஸ் எடுக்கிறதுக்குள்ளே. முப்பத்தொரு வலது கை அண்ணாச்சி. ஒரு இடது கை. பின்வரிசை ஜன்னலோரம். மற்ற கைகளையெல்லாம்விட உயரமாகத் தூக்கியிருந்தாள், எனக்குத் தெரிய வேண்டும் என்று. அவளும் என்னைப் பார்த்தாள். நான் மணியைப் பார்த்தேன்.

யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

இன்னும் ஒரு ஸ்டாப் இருக்கிறது எனக்கு. ரோட்டைப் பார்த்துக் கடந்து போங்கள்.